மூளைக்கு வரைபடம் பிறந்த கதை

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் பக்கவாதம் என்று சொல்பவர்கள் குறைவு. 'கை கால் விழுந்துடுச்சு' என்பார்கள். வலப்பக்கம் விழுந்துவிட்டது என்கிறவர்கள் அடுத்த மூச்சிலேயே 'பேச்சும் நின்னுடுச்சு' என்று சேர்த்துச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இடப்பக்கம் விழுந்தவருக்கு வாய் கோணியிருக்கும், சொல் குழறும். ஆனாலும் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று கணக்குச் சொல்வார். வலப்பக்கம் விழுந்தவருக்குத்தான் பெரும்பாலும் சொல்லே வராது. வலக்கைக்கும் வாய்ச்சொல்லுக்கும் அப்படி என்ன ஒட்டுறவு?

அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் ஸ்கேன் எடுக்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். உடம்பின் வலப்பாதியை ஆள்வது இடது மூளை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்தப் பக்கம்தான். இரண்டு இடங்களும் அருகருகே இருக்கின்றன, இரண்டுக்கும் ரத்தம் கொண்டுபோவது ஒரே தமனி. அது அடைத்தால் கையும் சொல்லும் சேர்ந்தே போகும். இன்று மாணவர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லும் இந்த விடை 200 வருடங்களுக்கு முன் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. மூளையின் எந்த இடம் எந்த வேலையைப் பார்க்கிறது என்று குறித்துக் காட்டும் வரைபடம் அதற்குப் பிறகு பிறந்ததுதான். அதில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் எதையோ இழந்த ஒரு மனிதர் இருக்கிறார். இந்தக் கதையை எழுத எனக்குத் தோன்றியதே அவர்களை நினைத்துத்தான்.

முதலில் வந்தது ஒரு தவறான வரைபடம். வியன்னாவில் ஃப்ரான்ஸ் ஜோசப் கால் என்ற மருத்துவர், மனத்தின் ஒவ்வொரு குணத்துக்கும் மூளையில் தனி இடம் உண்டு என்றார். அதுவரை சரி. அந்த இடம் பெரிதானால் மண்டையோடு மேலே புடைக்கும், தலையைத் தடவிப் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்றும் சொன்னார். அது சரியில்லை. தலை தடவிக் குணம் சொல்கிறவர்கள் ஐரோப்பா முழுக்கக் கடை விரித்தார்கள். அதைக் கண்டு அறிவாளிகள் முகம் சுளித்ததில், மூளையில் இடம் பிரிக்கலாம் என்ற எண்ணத்துக்கே கெட்ட பெயர் வந்தது. மூளை முழுவதும் ஒன்றாகத்தான் வேலை செய்கிறது என்ற கட்சி பலமாக இருந்த காலத்தில்தான் லெபோர்ன் வருகிறார்.

பாரிஸ் நகரத்துக்குத் தெற்கே பிசெத்ர் என்ற மருத்துவமனை. லெபோர்ன் அங்கே ஏறக்குறைய 21 வருடங்கள் இருந்தார். காலணி செய்வதற்கான மர அச்சுகளைச் செதுக்கும் தொழிலாளி. சிறு வயதிலிருந்தே வலிப்பு. முப்பது வயதில் பேச்சு போனது. எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்று இரண்டு முறை சொல்வார். மருத்துவமனையில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. பிறகு வலக்கை தளர்ந்தது, அதன் பின் வலக்கால். சொன்னது எல்லாம் அவருக்குப் புரிந்தது. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் விரல்களைக் காட்டிப் பதில் சொல்வார். தான் சொல்ல வந்தது எதிராளிக்குப் புரியவில்லை என்றால் கடும் கோபம் வரும். அப்போது மட்டும் ஒரு வசைச்சொல் தெளிவாக வந்து விழும்.

1861 ஏப்ரலில் காலில் சீழ் பிடித்து அழுகி, அவரை அறுவைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே இருந்தவர் பால் புரோக்கா. ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 17 அன்று லெபோர்ன் இறந்தார். வயது 51. புரோக்கா அவர் மூளையை எடுத்துப் பார்த்தார். இடது பக்கம், நெற்றி மடலின் பின்பகுதியில், கோழி முட்டை கொள்ளும் அளவுக்கு ஒரு குழி. மறுநாளே பாரிஸ் மானுடவியல் சங்கத்தில் அந்த மூளையைக் கொண்டுபோய்க் காட்டினார். சில மாதங்களில் இன்னொரு நோயாளி வந்தார். பெயர் லெலோங், வயது 84, ஐந்தே சொற்கள் பேசுவார். அவர் இறந்த பிறகு பார்த்தால் அதே இடத்தில் சேதம். 1865-ல், நாம் பேசுவது இடது மூளையைக் கொண்டு என்று புரோக்கா எழுதினார். லெபோர்னின் மூளையை அவர் அறுத்துத் துண்டாக்கவில்லை. பின்னால் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முழுசாகப் பதப்படுத்தி வைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தபோது, சேதம் புரோக்கா நினைத்ததைவிட ஆழமாக உள்ளே இறங்கியிருந்தது தெரிந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் குன்னம் வட்டத்தில் இருந்த என் பெரியப்பாதான் கண்ணில் நிற்பார். பருத்தி போட்டவர், பிறகு மக்காச்சோளத்துக்கு மாறியவர். ஒரு விடியற்காலையில் மாட்டை அவிழ்க்கப் போன இடத்தில் வலப்பக்கம் விழுந்தது. அதன் பிறகு அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல் 'சரி'. தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. பெரியம்மா, "எந்தச் சரிங்க இது, காப்பியா, வெந்நீரா?" என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பெரியப்பா இடது கையால் கட்டிலை ஓங்கித் தட்டுவார். புத்தி மழுங்கிவிட்டது என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். அவர் முன்னாலேயே நிலப் பாகம் பற்றிப் பேசினார்கள். அந்த ஆடியில் கோயிலில் அம்மன் பாட்டு பாடியபோது நாற்காலியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனோம். கூட்டம் பாட ஆரம்பித்ததும் அவர் வாயிலிருந்து பாட்டு வந்தது. அடி பிசகாமல், சொல் விடாமல், நாலைந்து வரிகள். பெரியம்மா பிரசாதத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார். பாட்டு நின்றதும் மறுபடியும் 'சரி'தான்.

அவருக்குப் புத்தி எங்கும் போகவில்லை. சொல்லைக் கோத்து வெளியே அனுப்பும் இடம் கெட்டிருந்தது, அவ்வளவுதான். பழகிப்போன பாட்டு, எண் வரிசை, வசவு, சாமி பெயர் இவற்றுக்கு வேறு வழிகள் உண்டு. வலது மூளைக்கும் அதில் பங்கு உண்டு. இப்படிப் பாட்டு வழியாகவே பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் பயிற்சி முறையும் இருக்கிறது. இன்னொரு வகை நோயாளிகளுக்கு இது தலைகீழாக இருக்கும். பேச்சு ஓடும், ஆனால் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் புரியாது. 1874-ல் கார்ல் வெர்னிக்கே என்ற 26 வயது ஜெர்மன் மருத்துவர் அதற்கான இடத்தை இடது காதுக்குச் சற்றுப் பின்னே காட்டினார். வரைபடத்தில் இரண்டாவது புள்ளி விழுந்தது.

முன்மூளையின் கதை இன்னும் பழையது. பெரம்பலூர் மாவட்டத்தில் கல் குவாரியில் வேலை பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். பாறையில் குழி போட்டு, வெடிமருந்தை இறக்கி, மேலே மண் போட்டுக் கம்பியால் கெட்டிப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்துக்கொண்டிருந்த ஃபினியஸ் கேஜ் என்ற மேஸ்திரி அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். வயது 25. கம்பி உரசித் தீப்பொறி பறந்து மருந்து வெடித்தது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட கம்பி, இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது. அவர் சாகவில்லை. சில நிமிடங்களில் பேசினார், வண்டியில் உட்கார்ந்தே ஊருக்குப் போனார். ஆனால் பொறுமையும் நிதானமும் உள்ள மேஸ்திரியாக இருந்தவர், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவராக, ஒன்றைத் தொடங்கி அதை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறவராக மாறிவிட்டார் என்று மருத்துவர் ஹார்லோ எழுதி வைத்தார். திட்டமிடுவது, அடக்கிக்கொள்வது, நாலு பேர் நடுவில் எப்படி நடக்க வேண்டும் என்று தெரிவது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையோடு கட்டுண்டவை என்று தெரிய வந்தது இப்படித்தான். பின்னாளில் சிலி நாட்டுக்குப் போய்ப் பல குதிரைகள் பூட்டிய வண்டியை வருடக்கணக்கில் ஓட்டினார் கேஜ். கெட்டது எல்லாம் கெட்டபடியே நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் அவருக்கு நியாயம்.

பார்வைக்கான இடம் போர்க்களத்திலிருந்து வந்தது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் தோட்டா தலையைத் துளைத்தும் பிழைத்த வீரர்களுக்கு எவ்வளவு பார்வை போயிருக்கிறது, எவ்வளவு உதவித்தொகை தரவேண்டும் என்று கணக்கிடும் வேலை தாட்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவருக்குக் கிடைத்தது. தோட்டா எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது, எந்தப் பக்கப் பார்வை போனது என்று ஒவ்வொருவருக்கும் குறித்துப் பார்த்து, பின்மண்டையில் இருக்கும் பார்வைப் பகுதியின் வரைபடத்தை 1909-ல் வெளியிட்டார். அதே வருடம் ஜெர்மனியில் கோர்பினியன் பிராட்மன் மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் செல்களின் அடுக்கைப் பார்த்துப் பகுதி பகுதியாக எண் கொடுத்தார். அந்த எண்களை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குப் பின்மண்டையில் 17, கையசைவுக்கு 4, புரோக்கா காட்டிய பேச்சிடத்துக்கு 44, 45.

நினைவின் கதை வேதனையானது. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்குக் கடும் வலிப்பு நிற்க வேண்டும் என்று மூளையின் இரு பக்கமும் உள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக ஒரு நிகழ்ச்சிகூட அவர் மனத்தில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் பல வருடங்கள் அவரைச் சந்தித்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் சந்திப்பு. 2008-ல் இறக்கும் வரை மோலைசன் சலிக்காமல் சோதனைகளுக்கு உட்கார்ந்தார். நினைவு பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு அந்த ஒரு மனிதர் தந்தது.

இதற்கு நடுவில், காயத்துக்குக் காத்திருக்காமல், உயிரோடு விழித்திருக்கும் மூளையிலேயே வரைபடம் போட்டவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் இருந்த வைல்டர் பென்ஃபீல்டு. மூளைக்குத் தொட்டால் வலிக்காது. ஆகவே தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, வலிப்பு நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே மண்டையைத் திறந்து, மெல்லிய மின்சாரத்தால் அங்கங்கே தொடுவார். 'கட்டைவிரல் தானாக மடங்குது', 'உதட்டில் ஏதோ ஊருது' என்று நோயாளி சொல்லச் சொல்ல, அந்த இடத்தில் எண் போட்ட சின்னக் காகிதத் துண்டை வைப்பார். வலிப்பைக் கிளப்பும் தழும்பை எடுக்கும்போது பேச்சும் கையும் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்தது அது. 1937-ல் அவரும் எட்வின் போல்ட்ரியும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விநோத மனித உருவம் இருந்தது. உதடு பெரிது, நாக்கு பெரிது, கை மிகப் பெரிது. முதுகும் தொடையும் சூம்பிப்போனவை. மூளை எந்த உறுப்புக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறதோ அந்த அளவில் வரைந்த படம். நடவு நடுகிற, வெங்காயம் ஆய்கிற, களை எடுக்கிற விரல்களுக்கு மூளை எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்று அந்தப் படத்தைப் பார்த்தால் தெரியும்.

அந்த மாண்ட்ரியலில் இருந்துதான் வரைபடம் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. கோட்டயத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் மூளை நரம்பியல் துறையைத் தொடங்கினார். 1952-ல் வலிப்பு நோய்க்கு அங்கே மூளை அறுவை செய்தார். சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்று, 1950 அக்டோபரில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். திருச்சி மாவட்டத்தின் ஓரத்தில் கிடந்த பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் அன்றைக்கு மூளை அறுவை என்றால் வேலூர் அல்லது சென்னை. காசில்லாதவனுக்கும் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும் என்று ஓர் அரசு மருத்துவமனையில் அதைத் தொடங்கியது சாதாரண விஷயமில்லை. இந்த இருவர் பெயரையும் நம் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் அதே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறொரு புதிரை அவிழ்த்தார். மக்காச்சோளம் அடிக்கும் மிஷினில் கை போனவரைக் கேட்டுப் பாருங்கள். இல்லாத கை வலிக்கிறது, இல்லாத விரல் அரிக்கிறது என்பார். மற்றவர்கள் அதைப் பிரமை என்று தள்ளிவிடுவார்கள். விபத்தில் கையை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டு, ராமச்சந்திரன் பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். இல்லாத கட்டைவிரலைத் தொடுவதாக அந்த இளைஞர் சொன்னார். பென்ஃபீல்டு படத்தில் கைக்குப் பக்கத்து இடம் முகம். கையிலிருந்து செய்தி வருவது நின்றதும், முகத்துக்கு வரும் செய்தி அந்தக் காலி இடத்துக்குள் போய்விடுகிறது என்று அவர் விளக்கினார். ஒரு சாதாரணக் கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையாகப் பார்க்க வைத்தார். சிலருக்கு வருடக்கணக்கான வலி இறங்கியது.

வரைபடம் இன்னும் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பென்ஃபீல்டின் உருவத்தில் கை, வாய், கால் பகுதிகளுக்கு நடுவே, முழு உடம்பையும் சேர்த்து இயக்கத் திட்டமிடும் இடங்கள் உண்டு என்று 2023-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். புரோக்கா இடம் மட்டும் பேசுவதில்லை, அதோடு சேர்ந்து பல இடங்களும் அவற்றை இணைக்கும் நரம்பிழைகளும் பேசுகின்றன. மூளையை அறை அறையாகத் தடுத்த வீடு என்று நினைப்பது பிழை.

கடைசியாகச் சென்னை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தின் நிதியுதவியோடு 2022-ல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் அமைந்தது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் ஒரு குழு, கருவில் வளரும் மூளையின் வரைபடத்தைச் செய்ய முனைந்தது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் மூளை மிக வேகமாகக் கட்டப்படுகிறது. வளர்ச்சிக் குறைபாடுகள் பலவற்றின் வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. அந்தப் பருவத்துக் கருவின் மூளைகளை மயிரிழையைவிட மெல்லிய சீவல்களாக அரிந்து, ஒவ்வொன்றையும் செல் செல்லாகத் தெரியும்படி படமெடுத்து, கணினியில் மறுபடி முழு மூளையாக அடுக்கினார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் அதை வெளியிட்டு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். வரைபடம் என்றால் பாரிஸ், பெர்லின், மாண்ட்ரியல் என்று இருந்த காலம் போய், நம் ஊரிலேயே அது உருவாகி வெளியே போகிறது. அதற்குப் பின்னாலும் மனிதர்கள் உண்டு. உலகத்துக்கு வராமல் போன தம் பிள்ளையை அறிவியலுக்குக் கொடுக்கச் சம்மதித்த குடும்பங்கள் அவை. அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது.

பெரியப்பாவுக்கு வருகிறேன். அன்று விடியற்காலையில் விழுந்தவரை முதலில் கொண்டுபோனது கைவைத்தியம் செய்கிற இடத்துக்கு. புறா ரத்தம் தடவினால் விழுந்த கை எழும் என்று நம் பக்கம் இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தோலில் காயும், மூளைக்கு ஒன்றும் செய்யாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மறுநாள் ஆகிவிட்டது. மூளைக்குப் போகும் பெரிய குழாய் அடைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, உள்ளே இருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும். பெரம்பலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் இல்லை. வேப்பந்தட்டைக்கு அந்தப்புறம் ஒரு கிராமத்திலிருந்து திருச்சிக்குப் போவதென்றால் வழியிலேயே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஆகவே வீட்டில் வீணாக்க நமக்கு நேரம் கிடையாது.

வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, நன்றாக இருந்த கடைசி நேரம் எது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேனும் ஊசியும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அது எந்த ஆஸ்பத்திரி என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.